ஏழாவது போர்வையும் மீந்த கட்டங்களும்

கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்காக ஆடி மாதத்தில் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஏழாவதற்கு நேற்று இரவு ஓரப்பட்டை அடித்து முடித்தேன். மார்கழிப் பனி இறங்குவதற்குள் பன்னிரண்டு தருவதாக ஒப்புக்கொண்டிருப்பதால் இன்னும் ஐந்து பாக்கி இருக்கிறது. மேல்துணி முழுவதும் பிறர் கொடுத்தது. அடியில் வைக்கும் சென்னிமலைப் பெட்ஷீட், இடையில் வைக்கும் பைபர் பஞ்சு, நூல் ஆகியவை மட்டுமே என் செலவு.

துணி கேட்டபோது முதலில் வந்தது எங்கள் தெருத் தையற்காரர் கொடுத்த ஒரு மூட்டை வெட்டுத்துணி. அடுத்து வந்தவை, கொலு, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா என்று தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டு, மடிப்புக்கூடப் பிரியாமல் வீடு வீடாகச் சுற்றிய ரவிக்கைத் துணிகள். பார்வைக்கு எல்லாம் பருத்தி போலவே இருந்தாலும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் செயற்கை இழை சுருங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு துணியிலிருந்தும் நாலைந்து இழைகளை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி இழை காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகி உதிர்ந்தது. பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கடுகு போலக் கெட்டியாக நின்றது. இப்படிச் சோதித்த 63 துணிகளில் 38 மட்டுமே தேறின. திருப்பூரிலிருந்து ஒருவர் அனுப்பிய பனியன் துண்டுகளையும் ஒதுக்கி வைத்தேன். அவை இழுபடும் பின்னல் துணி என்பதால், நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் இரண்டே சலவையில் அலையலையாகத் தூக்கிக்கொள்ளும்.

இரண்டாவது போர்வையில் நடந்த தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரக்கு நிறத்தில் இருந்த ஒரு துணியைக் கல் உப்புத் தண்ணீரில் ஒரு முறை ஊறவைத்து அலசியதோடு திருப்தியடைந்து தைத்துவிட்டேன். முடித்த போர்வையை முதன்முறை துவைத்தபோது பக்கத்தில் இருந்த சந்தன நிறச் சதுரங்கள் எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன. உப்பை நம்பியதுதான் பிழை. ஒட்டாமல் தங்கியிருக்கும் மிகுதிச் சாயத்தை வெளியேற்ற வெந்நீரில் பலமுறை அலச வேண்டும். அதன்பின் ஈரத்துணியை ஒரு வெள்ளைத் துணிக்குள் மடித்து அழுத்தி வைத்து, கறை படிகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது இந்தச் சோதனையில் தேறாத எதையும் வெட்டுவதில்லை. இல்லத்தில் எல்லாப் போர்வைகளையும் ஒன்றாகவே துவைப்பார்கள் என்பதால், ஒரு துணியின் சாயம் பத்துப் பேருடைய போர்வையைக் கெடுத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஏழாவது போர்வையில்தான் அமைந்தது. பார்வை மங்கிவிட்டதால் தையலை நிறுத்திக்கொண்ட ஒரு பெரியம்மா, தாம் பல ஆண்டுகளாகத் தைத்து மீந்துபோன 38 கட்டங்களை, அதாவது சிறு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்களை, ஓர் அட்டைப்பெட்டியோடு கொடுத்தார். “பாதி கோணலா இருக்கும் அம்மிணி, பிரிச்சுத் தைக்கோணும்னா பிரிச்சுக்கோ” என்றார். சிவப்புச் சதுரத்தை நடுவில் வைத்துப் பட்டைகளைச் சுற்றிலும் அடுக்கும் லாக் கேபின் கட்டங்களும், ஒன்பது சதுரக் கட்டங்களும் அதில் இருந்தன. எல்லாம் பன்னிரண்டரை அங்குலத்துக்குத் திட்டமிட்டவை. அளந்து பார்த்தால் பதினொன்றே கால் முதல் பன்னிரண்டே கால் வரை இருந்தன. ஒன்பது சதுரக் கட்டத்தின் ஒரு வரிசையில் இரண்டு தையல்கள், அதாவது நான்கு விளிம்புகள் உள்ளே மடிகின்றன. ஒவ்வொன்றிலும் தச்சர் கணக்கில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்தாலே கட்டம் கால் அங்குலம் குறைந்துவிடும். பிரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் இரண்டு அங்குல அகலத்தில் வெளிர் சாம்பல் நிறப் பட்டை வைத்துத் தைத்து, பிறகு எல்லாவற்றையும் பதினான்கு அங்குலச் சதுரமாக நறுக்கினேன். பட்டையின் அகலம் கட்டத்துக்குக் கட்டம் சற்றே மாறினாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. அகலவாக்கில் நான்கும் நீளவாக்கில் ஆறுமாக 24 கட்டங்கள் சேர்ந்ததும், ஒவ்வொன்றிலும் தையலுக்கு அரை அங்குலம் போக, 54 அங்குல அகலமும் 81 அங்குல நீளமும் கிடைத்தன. 60-க்கு 90 பெட்ஷீட் ஒட்டுப்போடாமல் அடியில் கச்சிதமாகப் பொருந்தியது.

வங்கத்துக் காந்தாப் போர்வை போல முதல் இரண்டு போர்வைகளுக்கும் பழைய பருத்திப் புடவைகளையே இடையில் வைத்திருந்தேன். தொட்டால் மெத்தென்று இருந்தன. ஆனால் நனைந்தால் ஒருவரால் தூக்க முடியாத கனம், மலைமேட்டு மூடுபனியில் இரண்டு நாளானாலும் காய்வதில்லை என்று இல்லத்துப் பணியாளர் சொன்னதால் மெல்லிய பைபர் பஞ்சுக்கு மாறினேன். அது உள்ளே நகர்ந்து திரண்டுகொள்ளும். ஆகவே பெட்ஷீட்டைத் தரையில் இழுத்து டேப் ஒட்டி, மூன்றையும் அடுக்கி, சாணுக்கு ஓர் ஊக்குக் குத்தியபின், நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக மெஷினில் தையல் ஓட்டுகிறேன். போர்வையைப் பாய் போலச் சுருட்டி மெஷினின் கைக்குள் நுழைப்பதுதான் தோள்பட்டையை வாங்கிவிடுகிறது.

விரல் அகலத் துணுக்குகளையும் எறியவில்லை. உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் செய்யும் கவந்தி என்ற போர்வை, கட்டம் எதுவும் இல்லாமல், ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையோட்டத் தையலில் பதித்துக்கொண்டே போவது. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ‘பூலா’ என்ற சிறு பூவையும் வைப்பார்கள். அம்முறையில் மடிமேல் விரிக்கும் சிறு போர்வை ஒன்றை மாலை நேரங்களில் கையால் தைத்து வருகிறேன். இரண்டு மூலைகள் முடிந்திருக்கின்றன.

பெரியம்மாவின் கட்டங்களில் 14 மீதம் உள்ளன. எட்டாவது போர்வைக்கு இன்னும் பத்துக் கட்டங்கள் தேவை. அவற்றை ரவிக்கைத் துணிகளில் தைக்கலாம் என்று அளந்து வைத்தேன். நடுச் சதுரத்துக்கு மட்டும் சாயம் போகாத சிவப்புத் துணி கிடைக்க வேண்டும். தையற்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.