பரிவட்டத்துக்கு முன்னால் இருந்த ஊழியம்

எங்கள் ஊர்க் கோயிலின் மரியாதை வரிசையைத் தட்டச்சு செய்த தாள் ஒன்று சித்தப்பாவின் மரப்பெட்டியில் நெடுங்காலமாக இருக்கிறது. கரைகள் எனப்படும், கோயிலில் பங்குள்ள ஐந்து பிரிவுகள், ஒவ்வொரு கரைக்கும் ஒரு கரைக்காரர், அவர்களுக்குப் பின் கணக்குப்பிள்ளை குடும்பம், அதற்கும் பின் திருவிழா நாள் செலவை ஏற்கும் மண்டகப்படிக்காரர்கள் என்று இறங்கிச் செல்லும் அந்தப் பட்டியலின் கடைசி வரியில் ‘மற்றும் ஊழியக்காரர்கள்’ என்று மட்டும் இருக்கிறது. மற்ற வரிகளுக்கெல்லாம் எண் உண்டு. அந்த வரிக்கு இல்லை. சென்ற ஆண்டு திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே, இரண்டாவது பரிவட்டம் எந்தக் கரைக்கு என்று தகராறு எழுந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். சித்தப்பாவுக்குத் துணையாக நானும் போய் உட்கார்ந்திருந்தேன். இரு தரப்பும் அதே தாளின் நகலைத்தான் கையில் வைத்திருந்தார்கள். இரண்டு, மூன்று என்ற எண்கள் மட்டும் ஒரு நகலில் பேனாவால் திருத்தப்பட்டிருந்தன. யார் திருத்தியது என்பதற்கு மட்டும் யாரிடமும் விடை இல்லை.

வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு இது சிரிப்பாகத் தோன்றலாம். பரிவட்டம் என்பது சாமிக்குச் சாத்திய துணியைத் தலையில் கட்டிவிடுவது. காளாஞ்சி என்பது தேங்காயும் பழமும் வெற்றிலை பாக்கும் பூவும் திருநீறும் வைத்துக் கொடுக்கும் தட்டு. வைணவக் கோயிலானால் தீர்த்தமும் சடாரியும் மாலையும். விலை போட்டுப் பார்த்தால் எதுவுமே பெரிய பொருள் இல்லை. வரிசையில் நிற்கும் அனைவருக்கும் கிடைக்கக்கூடியதும்கூட. ஆனாலும் கிடைக்கிறதா என்பதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, யாருக்குப் பின் கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் சண்டை. முதலில் வாங்கியவர் கையிலிருக்கும் தேங்காய் மூடிக்கும் மூன்றாவதாக வாங்கியவர் கையிலிருக்கும் மூடிக்கும் உள்ள வேறுபாடு ஊரார் கண்ணில் மட்டுமே இருக்கிறது, ஊரார் கண்ணில் இருப்பதால்தான் அது அத்தனை பெரிதாகவும் இருக்கிறது.

இந்த வரிசைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், தொடக்கத்தில் அநேகமாக ஒரு வேலையைத்தான் காண முடிகிறது. திருவரங்கத்தின் கோயில் நடைமுறைகளைச் சொல்லும் கோயிலொழுகு, இராமாநுசர் கோயில் ஊழியர்களைக் கொத்துகளாகப் பிரித்து, எந்தக் கொத்து என்ன செய்ய வேண்டும் என்று வகுத்ததை விவரிக்கிறது. அங்கே பணியும் மரியாதையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. பெருமாள் முன்னிலையில் ஒருவரைப் பெயர் சொல்லியும் பணி சொல்லியும் அழைக்கும் அருளப்பாடு என்ற வழக்கத்தையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அழைக்கப்படுபவர் அங்கே ஏதோ ஒன்றைச் செய்பவர். தென்மாவட்டக் கிராமக் கோயில்களில் இதன் எளிய வடிவம் கரை. தேருக்கு மரம் கொடுத்தவர், வடத்துக்குக் கயிறு திரித்தவர், கண்மாய் மடையைக் காத்தவர், திருவிழாச் செலவில் தன் பங்கை நெல்லாக அளந்தவர் என்று ஒவ்வொரு கரைக்கும் ஒரு கடமை இருந்தது. அந்தக் கடமைக்குக் கோயில் கொடுத்த ரசீதுதான் திருநீறும் பரிவட்டமும்.

கடமை போய்விட்டது, ரசீது மட்டும் தங்கிவிட்டது என்பதே எனக்குத் தோன்றுகிற நோய்மூலம். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொண்டது, தலையில் கட்டும் பரிவட்டத்தைத் தொடவில்லை. கோயில் நிர்வாகம் அறநிலையத் துறையின் கீழ் வந்த ஊர்களில் செலவைச் செயல் அலுவலர் ரசீதுப் புத்தகத்தோடு பார்த்துக்கொள்கிறார். தேருக்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் ஒப்பந்தத்தில் வருகின்றன. கண்மாய் அரசிடம் இருக்கிறது. ஆனால் காப்புக் கட்டும் நாளில் ‘பரம்பரை’ என்ற சொல் மட்டும் தன் முழு உடுப்போடு வந்து நிற்கிறது. எங்கள் ஊரில் இரண்டாம் பரிவட்டம் கேட்ட இரு கரைகளில் ஒன்றின் கரைக்காரர் கோயம்புத்தூரில் குடியிருக்கிறார். திருவிழாவுக்கு முந்தைய நாள் இரவுப் பேருந்தில் வந்து, பரிவட்டம் கட்டிக்கொண்டு, மறுநாள் திரும்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படித்தான் போய் வருகிறேன்.

சட்டமும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் முதல் தீர்த்தம் முதலிய மரியாதைகளைப் பற்றி இரண்டு ஜீயர்களுக்கு இடையே எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1961இல் முடிவுக்கு வந்தது. வெறும் மரியாதைக்காக மட்டும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது, அந்த மரியாதை கோயிலில் ஒரு பதவியோடு, அதாவது கடமைகளைக் கொண்ட ஒரு பொறுப்போடு இணைந்து அதன் ஊதியம்போல் வருமானால் மட்டுமே நீதிமன்றம் அதைக் கேட்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நீ என்ன வேலை செய்கிறாய் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகுதான் உனக்கு எத்தனையாவது தீர்த்தம் என்ற கேள்விக்குச் சட்டம் வருகிறது. எங்கள் ஊர்ப் பேச்சுவார்த்தையில் அந்த முதல் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு வாசல் திறந்திருக்கிறது. தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959இன் 63ஆம் பிரிவு, வழக்கத்தாலோ வேறு வகையாலோ ஒருவருக்கு ஒரு கோயிலில் மரியாதையோ வருமானமோ உண்டா என்பதையும், அந்தக் கோயிலின் நிலைபெற்ற வழக்கம் எது என்பதையும் விசாரித்து முடிவு செய்யும் அதிகாரத்தைத் துறை அதிகாரிக்கு அளிக்கிறது. அதன் மேல் ஆணையரிடம் முறையீடு, அதற்கும் மேல் நீதிமன்றத்தில் வழக்கு. இப்படி ஒரு மரியாதை வழக்கு ஒருவர் வாழ்நாளைத் தாண்டி மகன் பெயரில் தொடர்வதில் ஆச்சரியம் இல்லை. அங்கே சாட்சியாக வருபவை பழைய கோயில் கணக்கு, திருவிழாப் பத்திரிகை, செப்பேட்டின் நகல் என்று சொல்லப்படும் ஒரு காகிதம் ஆகியவைதான். இப்போது அதோடு காணொளியும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு கரையும் தனித்தனியே ஒளிப்பதிவாளரை அமர்த்துகிறது. சாமி புறப்பாட்டைப் படம் பிடிக்க அல்ல, அடுத்த வழக்குக்காகப் பூசாரியின் கை எந்தப் பக்கம் முதலில் நீண்டது என்பதைப் படம் பிடிக்க.

மரியாதைச் சண்டைக்கு அண்ணன் ஊர்வலச் சண்டை. சாமி எந்தத் தெரு வழியே போகிறது, யார் முன்னால் நடக்கிறார்கள், யார் தோளில் பல்லக்கு இருக்கிறது என்பவை தெருவையே பங்கு போடும் கேள்விகள். சென்னை ஜார்ஜ் கோட்டையை அடுத்த கறுப்பர் நகரத்தில் தாமஸ் பிட் ஆளுநராக இருந்த 1707ஆம் ஆண்டு வாக்கில், எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போகலாம் என்பதைப் பற்றி வலங்கையார், இடங்கையார் என்ற இரு சாதி அணிகளுக்கும் இடையே மூண்ட கலவரத்தை அடக்க எல்லைக் கற்கள் நட்டுத் தெருக்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கழுகுமலையில் 1895ஆம் ஆண்டு பங்குனித் தேரோட்டத்தின்போது, தேர்வீதி யாருடையது என்ற நெடுநாள் பகை வெடித்துப் பலர் உயிரிழந்தனர். பல்லக்கில் ஊர்வலம் போக நாடார்கள் கேட்ட உரிமையை எட்டயபுரம் ஜமீன் மறுத்துவந்த அரை நூற்றாண்டு வரலாறு அதற்குப் பின்னால் இருந்தது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலிலோ சண்டை இன்னும் நுண்ணியது. பெருமாளுக்கு முன்னே செல்லும் பிரபந்த கோஷ்டி ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ என்று தொடங்குவதா, ‘ராமாநுஜ தயாபாத்ரம்’ என்று தொடங்குவதா என்பதைப் பற்றி வைணவத்தின் இரு பிரிவினரான தென்கலையாரும் வடகலையாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நீதிமன்றம் ஏறிவிட்டார்கள். இந்த நூற்றாண்டிலும் அந்த வாதம் ஓயவில்லை. அங்கே பிரபந்தம் ஓதும் அத்யாபகம் என்ற பணியும் இருக்கிறது, பாடும் வாயும் இருக்கிறது என்பதால், எங்கள் ஊர்ச் சண்டையைவிட அதற்கு எனக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வழக்கம் என்ற சொல்லை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கமுதியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் அரசர் தொடுத்த வழக்கு அன்றைய மேல்முறையீட்டின் உச்ச மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கேயும் வழக்கமே வென்றது. அந்தத் தீர்ப்பின் மை காய்ந்து நாற்பது ஆண்டுகள் ஆவதற்குள் கோயில் நுழைவுச் சட்டங்கள் வந்து, மெய்ப்பிக்கப்பட்ட அந்த வழக்கத்தைத் துடைத்துவிட்டன. ஆகவே ‘வழக்கம் உண்டு’ என்று காட்டுவது ஒன்று, ‘இருக்கத் தகுந்தது’ என்று காட்டுவது வேறொன்று.

இந்த இரண்டாவது கேள்வி மிகக் கூர்மையாக நின்ற இடம் தேவகோட்டைக்கு அருகிலுள்ள கண்டதேவி. சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்த சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் தேரை உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாடுகளின் (ஊர்த் தொகுதிகளின்) நாட்டாரும் மரியாதை பெற்று இழுப்பது மரபு. வடத்தில் எங்கள் கையும் பட வேண்டும் என்று தலித் மக்கள் கேட்டதிலிருந்து அந்தத் தேர் ஓடியதைவிட நின்றதே அதிகம். வழக்குகள், தடை உத்தரவுகள், காவல்துறை சூழச் சில ஆண்டு ஓட்டம், மறுபடி நிறுத்தம் என்று காலம் கடந்து, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஜூனில் புதிய தேர் பலத்த பாதுகாப்போடு நிலைக்கு வந்து சேர்ந்தது. அதே உஞ்சனையில் 1979ஆம் ஆண்டு, மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு தொடர்பான மோதலில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. மரியாதைத் தகராறு என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒரே பெயருக்குள், சமமானவர்கள் தமக்குள் முந்திக்கொள்ளும் சண்டையும், வரிசைக்குள்ளேயே சேர்க்கப்படாதவர் சேரக் கேட்கும் போராட்டமும் கலந்துகிடக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ‘இரு தரப்பும் விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பெயரால் ஒருவரைச் சமய ஊர்வலத்தில் பங்குகொள்ள விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. அங்கே விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஊருக்கு வருகிறேன். வட்டாட்சியர் பொறுமைசாலி. இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, இரு கரைக்காரர்களுக்கும் இரண்டு பூசாரிகள் ஒரே நேரத்தில் பரிவட்டம் கட்டலாமே என்றார். சரி என்றார்கள். வெளியே வந்து தேநீர் குடிப்பதற்குள், ஒரே நேரத்தில் கட்டினாலும் சாமிக்கு வலப்பக்கம் நிற்பவர் யார் என்ற கேள்வி பிறந்துவிட்டது. மீண்டும் உள்ளே போனோம்.

அப்போது வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர். தேர் நகரும்போது சக்கரத்தோடு கூடவே குனிந்து ஓடி, திருப்பத்தில் கட்டையைச் செருகித் தேரை மடக்குபவர் அவர். வடம் பிடிப்பவர் கையை விட்டால் தேர் நிற்கும்; முட்டுக்கட்டை போடும் இவர் கணக்குத் தவறினால் உயிர் போகும். இவருடைய அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் இல்லாததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தேர் ஓடுமா ஓடாதா என்று தெரிந்தால்தான் கட்டை செதுக்க மரம் வாங்க முடியும் என்பதற்காக அன்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவரை யாரும் உள்ளே அழைக்கவில்லை, அவரும் அழைப்பை எதிர்பார்க்கவில்லை. “உங்களுக்கு என்ன மரியாதைண்ணே?” என்று கேட்டேன். நிலைக்கு வந்து எல்லாரும் கலைந்த பிறகு ஒரு துண்டும் தேங்காய் மூடியும் கொடுப்பார்கள் என்றார். எந்த ஆண்டாவது கொடுக்காமல் விட்டதுண்டா என்றதற்கு, “கூட்டத்துல மறந்துருவாங்க தம்பி, மறுநாள் போய்க் கேட்டு வாங்கிக்குவேன்” என்றார்.

இரவு சித்தப்பாவிடம், அடுத்த பட்டியலில் முட்டுக்கட்டை போடுபவருக்கு ஓர் எண் கொடுத்து எழுதலாம், அதுவும் கரைக்காரர்களுக்கு முன்னால் எழுதலாம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாளை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அப்படி எழுதினால் கையெழுத்துப் போட ஐந்து கரையிலும் ஆள் கிடைக்காது, ஆனால் கொடுக்கிற துண்டைத் தேர் நகர்வதற்கு முன்பே கொடுக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். இரண்டாம் பரிவட்டம் இப்போது இணை ஆணையர் முன்னால் இருக்கிறது. இந்த ஆண்டுக் காப்புக்கட்டுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. மரம் வாங்கியாகிவிட்டதா என்று முட்டுக்கட்டை போடுபவரிடம் நேற்று தொலைபேசியில் கேட்டேன், வாங்கவில்லை என்றார்.