பசுமைக் கூரை மானியம்: செடிக்கா, தண்ணீருக்கா?

ஒருவர் தன் கட்டடத்து மாடியில் செடி வளர்த்துக்கொள்ள ஊர்ப்பணத்தை எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்? பசுமைக் கூரைக்கு மாநகராட்சி மானியம் தரலாம் என்று யாராவது பேச்செடுத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து விழும், எனக்கும் இது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. அழகுக்காகத் தருவது என்றால் தரவே வேண்டாம். குளிர்ச்சிக்காக என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் கான்கிரீட் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் கொட்டினால் 15,000 லிட்டர், அத்தனையும் நின்று யோசிக்காமல் குழாய் வழியாகத் தெருவுக்கு இறங்கிவிடும். பக்கத்துக் கட்டடத் தண்ணீரும் அதே நேரத்தில் அதே வடிகாலுக்குத்தான் வரும். பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழையில் அது நிரம்பினால் இரண்டும் கலந்து ஆற்றில் போய் விழட்டும் என்றே அமைத்து வைத்திருக்கிறார்கள். குழாயைப் பெரிதாக்க வேண்டுமானால் தெருத் தெருவாகத் தோண்ட வேண்டும், அதற்கு ஆகும் செலவை எந்த நகர நிர்வாகமும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளாது. 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் கலவை பரப்பிய கூரை ஒன்று, ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்கிவிடும், மழையின் போக்கைப் பொறுத்து இது கூடும் குறையும். ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் கூரைமேல் அடைமழை பெய்தால் பெரிதாக ஒன்றும் பிடிக்காது, இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். அப்போதும் தண்ணீர் இறங்கும் வேகம் குறையும், உச்ச நேரத்துச் சுமை சற்றுத் தள்ளிப் போகும். ஆக, மானியமாகப் போகும் பணத்துக்கு மாநகராட்சி வாங்குவது வடிகாலில் கொஞ்சம் இடம்.

வெப்பத்தையும் சும்மா விட்டுவிட முடியாதுதான். அதற்கு சிகாகோ நகர மன்றக் கட்டடத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரே கட்டடம், ஒரு பாதி நகரத்துக்கு, மறு பாதி குக் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்துக்கு. ரிச்சர்ட் டேலி மேயராக இருந்தபோது நகரத்தின் பாதிக்கு மட்டும் தோட்டம் போட்டார்கள், கவுண்டியின் பாதி கறுப்புத் தாரோடு அப்படியே கிடந்தது. 2001 ஆகஸ்டில் ஒரு வெயில் நாளில் அளந்தபோது பச்சைப் பக்கத்தின் மேற்பரப்பு 33 முதல் 48 டிகிரி செல்சியஸ், தார்ப் பக்கம் 76. ஆராய்ச்சிக்கென்றே கட்டியிருந்தாலும் இப்படி ஒரு ஒப்பீடு அமைந்திருக்காது! ஆனால் கூரைக்குச் சற்று மேலே காற்றில் இருந்த வித்தியாசம் ஏறத்தாழ 4 டிகிரிதான். மேற்பரப்புக் கணக்கை மட்டும் காட்டி ஊரே குளிர்ந்துவிடும் என்பது கொஞ்சம் அதிகம்.

மாடியில் தொட்டியும் பையும் வைத்துக் கீரை போடுவது வேறு, இது வேறு. கான்கிரீட்டுக்கு மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் படலம், அதை வேர் துளைத்துவிடாமல் இன்னொரு தடுப்பு, பிறகு ஒரு பாதுகாப்பு விரிப்பு, அதிகப்படித் தண்ணீர் ஓடிப்போக வடிகால் அடுக்கு, மண் துகள் போய் அதை அடைக்காதபடி வடிகட்டும் துணி, அதற்கும் மேலேதான் மண் கலவை. அதிலும் தோட்டத்து மண்ணை அள்ளிக் கொட்ட முடியாது, கனம் தாங்காது, இறுகியும் போகும். எரிமலைக் கல் தூள், செங்கல் சில்லு மாதிரி லேசான, நுண்துளையுள்ள பொருள்தான் பெரும்பகுதி. சீடம் போன்ற சதைப்பற்றுச் செடிகள் மட்டும் வளரும் மெல்லிய கூரையே நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். புதரும் மரமும் வேண்டுமென்றால் அதைப் போலப் பல மடங்கு. இத்தனைக்கும் செலவு செய்கிறவர் கட்டட உரிமையாளர், லாபத்தில் பெரும்பங்கு கீழ்த்தெருவில் வெள்ளம் வராதவருக்கு. உரிமையாளருக்கும் ஒன்றும் கிடைக்காமல் இல்லை, வெயிலும் சூடு-குளிர் மாற்றமும் நேரடியாகப் படாததால் அந்த நீர்த்தடுப்புப் படலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உழைக்கும், 20 வருடம் வரவேண்டியது 40 வருடம் வரும் என்று சொல்வார்கள். சரி, ஆனால் அந்தப் பலன் கண்ணுக்குத் தெரியவே 20 வருடம் காத்திருக்க வேண்டுமே. அதற்குள் கட்டடத்தை விற்றுவிட்டுப் போய்விடுவார். மானியத்துக்கான நியாயம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எப்படித் தருகிறார்கள் என்று பார்த்தால் ஊருக்கு ஒரு வழி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் 1986-இலிருந்தே செலவில் ஒரு பகுதியைத் தந்து வந்திருக்கிறது. சிங்கப்பூர் 2009-இல் தொடங்கிய திட்டத்தில் பாதிச் செலவு வரை. அமெரிக்காவின் போர்ட்லாந்து ரொக்கமும் தந்தது, அதற்கு முன்பிருந்தே பசுமைக் கூரை போட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளவும் அனுமதித்தது, கட்டுமானக்காரர்களுக்கு இது ரொக்கத்தைவிட இனித்திருக்கும். டொராண்டோ 2009-இல் இயற்றிய விதி எனக்குப் பிடித்தது: 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடம் என்றால் கூரையில் 20 முதல் 60 சதவீதம் வரை பசுமையாக இருக்க வேண்டும் என்றது, முழு அளவுக்குப் போட முடியாதவர் விட்டுப்போன பரப்புக்குப் பணம் கட்ட இடம் கொடுத்தது, அந்தப் பணம் மற்றவர்களின் கூரைக்கு மானியமாகப் போனது. செய்யாதவர் செய்கிறவருக்குக் கொடுக்கிற ஏற்பாடு, பொதுக் கஜானாவை அதிகம் தொடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

நியூயார்க் 2008-இல் சொத்து வரியில் கழிவு கொடுத்தது, சதுர அடிக்கு 4.50 டாலர். கூரை போட ஆகும் செலவோ அதைப் போலப் பல மடங்கு. படிவம், பொறியாளர் சான்று, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை, விண்ணப்பித்தவர்கள் மிகக் குறைவு. பிறகு சில பகுதிகளுக்கு மட்டும் 15 டாலராக உயர்த்தினார்கள். அரைகுறை மானியத்தால் கெடுதல் இரண்டு பக்கமும்: கூரையும் வராது, "திட்டம் இருக்கிறது, மக்கள்தான் முன்வரவில்லை" என்று சொல்லிக்கொள்ள நிர்வாகத்துக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடும்.

பாசல் நகரத்துக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் இந்த நகரத்தில் மின்கட்டணத்தோடு வசூலிக்கும் ஒரு சிறு வரி ஆற்றல் சேமிப்புக்கென்று தனியாக ஒதுக்கப்படுகிறது. அதிலிருந்து எடுத்து 1996-97-இல் சதுர மீட்டருக்கு 20 பிராங்க் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை, காலமும் குறைவுதான், ஆனால் அதற்குள் கூரை போடுகிறவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள், பொருள் விற்கிறவர்கள் கடை போட்டார்கள், கட்டடக் கலைஞர்களுக்குப் பயம் தெளிந்தது. அந்தக் கூரைகளில் வண்டையும் சிலந்தியையும் எண்ணிக்கொண்டிருந்த ஸ்டீபன் பிரென்னைசன் என்ற ஆய்வாளர், எங்கும் ஒரே ஆழத்தில் ஒரே செடியைப் பரப்பினால் உயிரினங்கள் அதிகம் வருவதில்லை என்று காட்டினார். 2002-இல் சட்டமே வந்துவிட்டது, புதிய தட்டைக் கூரைகள் எல்லாம் பசுமையாக வேண்டும், அப்புறம் இரண்டாம் சுற்று மானியம் வந்தபோது அந்த வட்டாரத்து மண்ணைக் கலக்க வேண்டும், மண் எங்கும் ஒரே ஆழமாக இல்லாமல் அங்கங்கே மேடாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் சேர்ந்துகொண்டன. முதலில் பணம், பழகியதும் சட்டம். சட்டத்தை முதலில் நீட்டியிருந்தால் ஆள் தெரியாத வேலையை எல்லோர் தலையிலும் கட்டியதாகியிருக்கும்.

இதெல்லாம் சரி, எனக்குள்ள குறை ஒன்றுதான். பெரும்பாலான திட்டங்கள் பரப்பளவுக்குப் பணம் தருகின்றன, அதுவும் வேலை முடிந்த அன்று. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று சொன்னால் மனிதர் என்ன செய்வார், விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழத்துக்கு மெல்லிசாகப் பரப்பி முடிந்த மட்டும் அகலமாக்குவார். வேலை முடிந்ததும் ஓர் அதிகாரி வருவார், பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பார், போட்டோ, கையெழுத்து, காசோலை. முதல் இரண்டு ஆண்டுதான் செடி வேர் பிடிக்கும் காலம், களை எடுக்க வேண்டும், வறண்டால் தண்ணீர் காட்ட வேண்டும், காற்றில் வந்து விழுந்த மர விதை முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும், வடிகால் வாயைச் சுற்றிப் போட்ட கூழாங்கல் வளையத்துக்குள் இலை சேர்ந்தால் கையை விட்டு அள்ளிப் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஒருவரும் செய்யாமல் விட்டால் தண்ணீர் தேங்கி நிற்கும், எங்கோ ஒரு மூலையில் சுவர் ஓதம் காக்கும், பழி முழுக்கப் பசுமைக் கூரைமேல் வரும். காசோலை மாறிய பிறகு இதற்கெல்லாம் யாருக்கு அக்கறை?

அதனால்தான் ஜெர்மன் நகரங்களின் மழைநீர்க் கட்டணத்தை நான் கட்சி கட்டி ஆதரிப்பேன். கழிவுநீருக்குத் தனி, உங்கள் இடத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் மழைநீருக்குத் தனி என்று கட்டணத்தைப் பிரித்துவிட்டார்கள். தண்ணீர் புகாத பரப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு ஆண்டுதோறும் பணம். ஹாம்பர்க்கில் பசுமைக் கூரை இருந்தால் அந்தப் பரப்புக்குக் கட்டணம் பாதி. 2014-இல் அந்த நகரம் 30 லட்சம் யூரோ ஒதுக்கி மானியத் திட்டமும் தொடங்கியது, ஆக, போடும்போது ஒரு கை கொடுக்கிறது, பிறகு வருடா வருடம் பில்லில் குறைகிறது. தொகை சிறிதுதான். ஆனாலும் ஆண்டுக்கொருமுறை ஒரு பில் வந்து நினைவூட்டும், மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் இன்னும் ஒரு படி போனது. 2013 விதிகளின்படி பெரிய கட்டுமானம் செய்கிறவர் குறிப்பிட்ட அளவு மழைநீரைத் தன் இடத்திலேயே தேக்க வேண்டும், முடியாவிட்டால் மீதிக்கு வேறொருவரிடமிருந்து வரவு வாங்கலாம். ஒரு வரவு என்பது ஒரு காலன் தேக்கும் திறன், ஓர் ஆண்டுக்கு. கட்டாயமில்லாமல் பசுமைக் கூரை போட்ட ஒருவர் அதை விற்கலாம், ஆனால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் சான்று, மறுபடி வேண்டுமானால் கூரை ஒழுங்காக இருப்பதைக் காட்ட வேண்டும். செத்துப்போன கூரையை வைத்துக்கொண்டு விற்க முடியாது. சந்தை, வரவு என்றாலே எனக்குச் சந்தேகம் வரும், இதில் மட்டும் ஆண்டுக் கணக்கும் லிட்டர் கணக்கும் சேர்ந்து வருவதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

பணம் யாருக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய தட்டைக் கூரை வைத்திருப்பவர் கிடங்குக்காரர், அலுவலக வளாகக்காரர். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மானியம் ஒன்றும் வராது, ஆனால் வெக்கை அதிகம் அவர் இருக்கும் தெருவில்தான். நியூயார்க் சில பகுதிகளுக்கு மட்டும் தொகையை உயர்த்தியதில் எனக்கு ஆட்சேபம் இல்லாததற்கு இதுதான் காரணம்.

உங்கள் நகரத்தில் இப்படி ஒரு திட்டம் இருந்து விண்ணப்பிக்க நினைத்தால், முதல் செலவு கட்டமைப்புப் பொறியாளருக்கு. நனைந்த எடையைத் தளம் தாங்குமா என்று அவர் எழுத்தில் தரட்டும், பழைய கட்டடம் என்றால் பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். மண் கொட்டும் முன் தளத்தில் தண்ணீர் கட்டி ஒன்றிரண்டு நாள் நிறுத்திக் கசிவு பாருங்கள், மேலே எல்லாம் போட்ட பிறகு ஓட்டையைத் தேடுவது பெரும்பாடு. ஒவ்வோர் அடுக்கையும் மூடும் முன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், பிற்பாடு யாராவது கேட்டால் காட்ட வேறு ஆதாரம் இருக்காது. ஒப்பந்தக்காரர் விலைப்பட்டியலில் முதல் இரண்டு ஆண்டுப் பராமரிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் மட்டும் எதற்கும் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள், முன்கூட்டியே தொடங்கிய வேலைக்குப் பல திட்டங்களில் ஒரு காசு வராது.