ஏழாம் நம்பர் இறகு

ஏப்ரல் 13, ஞாயிறு

பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறினால் கெங்கேரிவரை ஒரே ரயில், அப்புறம் ஆட்டோ. காட்டுயிர் மறுவாழ்வு மையம் என்றதும் புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம் என்று வந்தவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. புதியவர்களுக்கு எந்த உயிரையும் தொடும் வேலை கிடையாது. கூண்டு கழுவ வேண்டும், துணி துவைக்க வேண்டும், தட்டு தேய்க்க வேண்டும். கேமராவோடு வந்த இருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

சமையலறை ஓசூர்ப் பக்கத்து அக்கா ஒருவரின் ராஜ்ஜியம். நான் போனில் தமிழில் பேசுவதைக் கேட்டு, "எந்த ஊரு கண்ணு?" என்றார். பப்பாளியை வௌவாலுக்குப் பெரிதாகவும் குயிலுக்குப் பொடியாகவும் நறுக்கக் கற்றுக்கொடுத்தார். பேச்சுத்துணை கிடைத்தது எங்கள் இருவருக்குமே லாபம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று இரவு காற்றும் மழையும். காலையிலேயே அட்டைப்பெட்டிகள் வரிசை கட்டிவிட்டன, பெரும்பாலும் அணில் குட்டிகள். ஒரு வீட்டில் இங்க் ஃபில்லரால் பசும்பால் புகட்டியிருக்கிறார்கள். குட்டிக்கு வயிற்றுப்போக்கு, மூக்கிலும் பால். பசும்பால் அதற்குச் செரிக்காது. அவசரமாகப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் வேண்டியது சூடு, அடுத்து உப்புச் சர்க்கரை நீர், பால் அதற்கும் பிறகுதான். அதுவும் நாய்க்குட்டிக்கான பால்பவுடர். ஒவ்வொரு தடவையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சிறுநீர் போகாது. தாய் நக்கிவிடும் வேலை அது.

அடிபடாத குட்டிகளை டாக்டர் உள்ளே எடுக்கவே இல்லை. வெந்நீர் பாட்டில் வைத்த பெட்டியில் போட்டு, விழுந்த மரத்திலேயே கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். கொண்டுவந்த ஒரு பெரியவருக்குக் கோபம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று வாதாடினார். மாலையில் அவரே போன் செய்தார்: தாய் அணில் வந்து கவ்விக்கொண்டு போய்விட்டதாம். வருகிறவற்றில் பாதி இங்கே வந்திருக்கவே வேண்டாம் என்று டாக்டர் முணுமுணுத்ததை அதற்கப்புறம்தான் நம்பினேன்.

மே 11, ஞாயிறு

நாலு கூகை ஆந்தைக் குஞ்சுகள், ஓர் அடுக்குமாடியின் குழாய்ச் சந்திலிருந்து. முதல் முட்டை இட்ட உடனே தாய் அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், குஞ்சுகளும் நாள் விட்டு நாள் பொரித்து, ஒன்றைவிட ஒன்று குட்டையாக நிற்கின்றன. கிட்டே போனால் சீறல்.

பறக்க இன்னும் சில வாரம்தான், அப்படியே விட்டுவைத்தால் தாய் பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் கன்னடத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வீட்டுக்கு ஆகாது" என்று குடியிருப்போர் சங்கத்தார் ஒரே பிடியாக நின்றார்கள். எலிக்கு மருந்து வைக்க மாதாமாதம் வசூல் செய்வதும் அதே சங்கம்தானாம். வாட்ச்மேன் மூன்று நாள் பார்த்துக்கொண்டார் பாவம், எலும்பில்லாத கோழிக்கறி வாங்கிப் போட்டு. எலும்போடு முழு இரை போகாவிட்டால் குஞ்சின் காலெலும்பு வளைந்துவிடும். மனசு நல்ல மனசுதான்.

ஜூன் 1, ஞாயிறு

காற்றுக்காலம், பட்டமும் ஆரம்பம். சிவாஜிநகர் ஆட்டோக்காரர் ஒருவர் சட்டையில் சுற்றிய பருந்தோடு வந்தார். "கருடன் சார், விட்டுட்டுப் போக மனசு வரல" என்றார். கருடன் இல்லை, ஊருக்குள் சுற்றும் கரும்பருந்து. யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே விரியும் தோலை மாஞ்சா அறுத்திருந்தது. கண்ணாடித்தூள் பூசிய நைலான். 2017-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்த சரக்கு. தசைநார் தப்பியது. இறக்கை நுனியில் மூன்று இறகுகள் முறிந்துவிட்டன.

ஜூன் 15, ஞாயிறு

கூண்டோடு ஒரு பச்சைக்கிளி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி நம்மூர்க் கிளியை வீட்டில் வளர்க்கக்கூடாது என்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது. இறக்கையை வெட்டிவிட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க "அம்மா, காபி" என்று கத்துகிறது. அக்கா மட்டும் பதில் சொல்கிறார், டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஜூலை 6, ஞாயிறு

பருந்தின் காயம் ஆறிவிட்டது. முறிந்த இறகு தானாக விழுந்து புதுசு முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கூண்டில் கிடந்தால் மற்ற இறகுகளும் போய்விடும். அதனால் இன்று ஒட்டு.

இறந்த பருந்துகளின் இறகுகளைப் பழைய செய்தித்தாளில் மடித்து, இடது வலது பிரித்து, நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏழாம் இறகு முறிந்தால் அதே பக்கத்து ஏழாம் இறகுதான் பொருந்தும். டாக்டர் மூங்கில் குச்சியை முக்கோணமாகச் சீவினார். உருண்டையாக இருந்தால் உள்ளே சுழலும். குச்சியின் ஒரு பாதி அடித்தண்டின் துளைக்குள், மறுபாதி புது இறகுக்குள், நடுவில் பசை. பக்கத்து இறகில் ஒட்டாமலிருக்க அடியில் ஒரு காகிதத் துண்டு. வளர்ந்து முடிந்த இறகு நகம் மாதிரி, வலிக்காது.

பருந்தின் கண்ணை மூடித் துண்டில் சுற்றியிருந்தார்கள். அதன் காலைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. கையுறையைத் தாண்டி நகத்தின் அழுத்தம் தெரிந்தது. பசை காயும்வரை யாரும் பேசவில்லை. வியர்வையைத் துடைக்கக்கூட வழியில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நீளக் கூண்டில் பருந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூச்சு வாங்காமல் பறக்கிறது. எடையும் தேறிவிட்டது. விடலாம். ஆனால் ஆஷாட மாதக் காற்று இன்னும் ஓயவில்லை, நேற்று மட்டும் மாஞ்சாவில் அறுபட்டு இரண்டு பருந்துகள் வந்தன. வியாழக்கிழமை அமாவாசையோடு ஆஷாடம் முடியும், அது கழியட்டும் என்கிறார் டாக்டர். புதுசு இரண்டையும் எங்கே விடுவது, அதிக நாள் வைத்தால் இதற்குப் பாதத்தில் புண் வரும் என்கிறார் கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர். இருவர் சொல்வதும் சரிதான், அதுதான் வம்பு. வியாழன் தாண்டிப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று கறிக்கடைக்கு இரண்டு கிலோ கூடுதலாகச் சொல்லிவிட்டார்.