கழுவிய கலயம்

நாங்குநேரிப் பக்கம் ஒரு பழைய நெல் கிட்டங்கியில் இருக்கிற சின்ன அருங்காட்சியகத்தில் ஆறு வருசம் வேலை பார்த்தேன். டிக்கெட் கிழிப்பது, கூட்டுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒரே ஆள்தான். கமலைக் கூனை, உழக்கு, நாழி, பத்தமடைக் கல்யாணப் பாய் என்று நூற்றுச்சொச்சம் சாமான்கள். பாயில் மாப்பிள்ளை, பொண்ணு பேர் நெய்திருக்கும். "இவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோ 4 உழக்கு 1 நாழி, 8 நாழி 1 குறுணி என்று மணலை அளந்து தரையெல்லாம் கொட்டிவிட்டுப் போகும்.

சேர்ந்த புதுசு. பனையேறுகிறவர்களின் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாளை அருவாள், அருவாப்பெட்டி, முருக்குத்தடி, கூடவே ஒரு மண் கலயம். கலயத்துக்குள் வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து, புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை வேறு.

பங்குனி வெயிலில் ஒரு பெரியவர் வந்தார். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறியதில் மார்பெல்லாம் காய்ப்பு. நான் எழுதி ஒட்டிய அட்டை எதையும் அவர் படிக்கவில்லை. நேரே வந்து கலயத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"எய்யா, இதக் கள்ளுக் கலயமாக்கிட்டியளே!"

உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பதநீர்க் கலயத்தைப் பாளையில் கட்டுவார்கள். தடவாவிட்டால் சொட்டுகிற சாறு மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். புளித்ததைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டியாக இறுகாது. இதெல்லாம் எனக்கும் தெரியும், அட்டையில் அழகாக எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பொருக்குதான் அது என்று கைக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவர் காலையும் மாலையும் ஏறி இறங்கிய எத்தனையோ கோடையை அரை மணி நேரத்தில் வாய்க்காலில் விட்டிருக்கிறேன்.

பெரியவர் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். "கொஞ்சம் பூசட்டா?" 'தொடாதீர்கள்' பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விரலால் உள்ளே ஒரு சுற்றுப் பூசிவிட்டு, மிச்சத்தை வெற்றிலையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பதிவேட்டைத் திறந்தேன். கலயத்துக்கு நேரே 'நிலைமை: நன்று' என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, 'உள்ளிருந்த சுண்ணாம்பு என்னால் கழுவப்பட்டது. இப்போது இருப்பது புதுசு' என்று எழுதித் தேதி போட்டேன்.