லேட்

வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையை ஒட்டி, பத்துக்குப் பத்து அடியில் ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், அஃபிடவிட், மொழிபெயர்ப்பு, கல்யாணப் பத்திரிகை. 2007இல் கடையைத் திறந்தபோது இந்தப் பக்கம் இலங்கைத் தமிழர் வீடுகள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்குள் என் வேலையில் பாதி அவர்களுடைய காகிதங்கள் என்றாகிவிட்டது.

நமக்குப் பிறப்புச் சான்றிதழ். அவர்களுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். நமக்குத் தாலுகா ஆபீஸ். அங்கே பிரதேச செயலகம். கஜேந்திரன் என்றால் அங்கே இங்கிலீஷில் கே போட்டுத் தொடங்குவார்கள். இங்கே அகதி முகாமில் பதிந்த போலீஸ்காரர் ஜி போட்டிருப்பார். ஒரே ஆள் காகிதத்தில் இரண்டு பேர் ஆகிவிடுவார். 'மேற்படி இரண்டு பெயர்களும் என் ஒருவனையே குறிக்கும்' என்று எத்தனை அஃபிடவிட் அடித்திருப்பேனோ, கணக்கில்லை. ஒரிஜினல் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "செல்லடியிலை வீட்டோடை போயிட்டுது." செல்லடி என்றால் ஷெல் குண்டு வீச்சு. தப்பி வந்தவை மடிப்பு மடிப்பாக நான்காக உடைந்து, பின்பக்கம் ஒட்டிய செலோடேப் பழுத்து, கடல் தண்ணீர் ஏறிய கோடு ஓரத்தில் தெரிய, பாலித்தீன் பையில் வரும். ஸ்கேனரில் வைப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுவேன்.

2012இல் ஒரு அக்கா வந்தார். முல்லைத்தீவுக்காரர். இங்கே தங்கை வீட்டில் இருந்தார். கூடவே பன்னிரண்டு வயது மகள். மகளின் காகிதம் ஒன்றுக்குத் தகப்பனைப் பற்றி அஃபிடவிட் தேவைப்பட்டது. விவரம் கேட்டேன். போர் முடிந்த 2009 மே மாதத்தோடு கதை நின்றது. சரி என்று அடித்துக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, ஒரு இடத்தில் விரலை வைத்தார். கணவர் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட்டிருந்தேன். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

"தம்பி, உந்த லேட் எண்டதை எடுத்துவிடுங்கோ."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"வட்டுவாகல் பாலத்தடியிலை என்ரை கையாலை ஆமியிட்டைக் குடுத்தனான். செத்த ஆளையே நான் குடுத்தனான்?"

புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ராணுவத்தினர் அறிவித்தார்களாம். நம்பித்தான் அனுப்பியிருக்கிறார். எடுத்துவிட்டேன். ஆனால் பக்கத்துக் கட்டடத்து நோட்டரி ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்காரா, இல்லையா, ஏதாவது ஒண்ணு போடுப்பா" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான். கடைசியில் 'மேற்படி தேதி முதல் என் கணவரைப் பற்றிய தகவல் ஏதும் எனக்குக் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்து ஒப்பேற்றினோம்.

அந்த மூன்றாவது கட்டத்தை அவர்கள் நாட்டிலேயே 2016 வரைக்கும் யாரும் போடவில்லை. 2010இல் ஒரு சட்டம் வந்தது: ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவரை இறந்தவராகப் பதிவு செய்துகொள்ளலாம். சொத்து மாற்றவும் உதவித்தொகை வாங்கவும் அந்தச் சான்றிதழ் தேவை. அதாவது, பணம் வேண்டுமானால் 'லேட்' போட்டுக்கொள். பலர் முடியாது என்றார்கள். 2016இல்தான் 'ஆளைக் காணவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். காணாமல் போனோருக்கான அலுவலகத்தில் 20,000க்கும் மேற்பட்ட புகார்கள் இருக்கின்றன. கிளிநொச்சியில் அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் படங்களோடு சாலையோரம் உட்கார்ந்தார்கள். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

டைப் அடிக்கிறவனுக்குச் சட்டத்தின் உள்ளே இருப்பதைவிடத் தலைப்பு கண்ணில் படும். அந்த 2010 சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலும் அதே இரண்டு சொற்கள். மூன்றே வருஷத்தில், 1982இல், அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். தலைப்பை மாற்ற மறந்துவிட்டார்கள். போர் முடிந்தும் அதைக் கைவிடவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் வந்த மாகாண சபையில் வடக்குக்கென்று தனியாக முதல் தேர்தல் நடந்ததே 2013இல். அதன் காலம் 2018இல் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. தற்காலிகமானது நிலைத்துவிட்டது, நிரந்தரம் என்று கொடுத்தது போயிற்று.

நம்மூரிலும் அதே சொல்தான். முகாம்கள் தற்காலிகமாகப் போட்டவை. 2021இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியபோது அவற்றில் 58,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ஒருவர் வந்து என் கடைக்கு வெள்ளையடித்தார். சுவரில் பட்டியைத் தேய்த்துக்கொண்டே என் பிரிண்டர் ஏன் ஐபி எடுக்கவில்லை என்று சொல்லிச் சரிசெய்தும் கொடுத்தார். பி.இ. படித்தவர். வேலை கிடைத்தும் பாஸ்போர்ட் கேட்டபோது கைவிட்டுப் போனது. அவருடைய அக்கா 1986இல் பிறந்தவர், இவர் 1989. இரண்டு பேரும் மண்டபத்தில், ஒரே ஆஸ்பத்திரியில். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தால் குடிமகன். அதன் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2022இல் மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்தத் தீர்ப்பை அவர்தான் என்னிடம் வந்து ஜெராக்ஸ் எடுத்தார். அக்காவுக்காக.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் வீட்டுக் கணக்கையும் எழுத வேண்டும். அப்பா துறைமுகத்தில் கிளார்க். 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை கப்பலில் திரும்பி வந்ததையும், முதலமைச்சர் வரவேற்கப் போகாததையும் பல நாள் பேசிக்கொண்டிருந்தார். 1,100க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே செத்திருந்தார்கள். இங்கே தமிழர்களே அவர்கள் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. அடுத்த ஜனவரியில் அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர். எங்கள் மாடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் குடியிருந்தது. வாடகை ஒரு மாசம்கூடத் தள்ளிப்போனதில்லை. ஜூன் முதல் வாரம் அப்பா அவர்களைக் காலி பண்ணச் சொன்னார். பயம். எனக்குப் பதினோரு வயது. அட்வான்ஸ் பணத்தை மேலே கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அந்த மாமி எண்ணிப் பார்க்காமலே வாங்கி வைத்தார்.

போன வருஷம் அந்த முல்லைத்தீவு அக்கா மறுபடி வந்தார். மகளுக்குக் கல்யாணம். மாதிரிக்கு, சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அதை அப்படியே எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னார். மற்றதையெல்லாம் மாற்றிவிட்டு அந்தச் சொல்லில் வந்து நின்றேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்கவில்லை. அழித்துவிட்டு 'திரு' போட்டு ப்ரூஃப் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். முகூர்த்த நேரத்தில் ஒரு எழுத்துப் பிழை காட்டினார். திருத்தினேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

"முந்நூறு அடியுங்கோ தம்பி."