பழைய வண்டியின் சஸ்பென்ஷன்: எதை உடனே மாற்றுவது, எது பொறுக்கும்

சக்கரத்தை வண்டியின் உடம்போடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்புதான் சஸ்பென்ஷன். அது தேய்ந்து கடகடவென்று சத்தம் போடும் பழைய வண்டி பட்டறைக்கு வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "மொத்தமா மாத்திடணுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" கிலோமீட்டரைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. குண்டும் குழியுமான சாலையில் லோடு ஏற்றி ஓடிய வண்டியும் நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டியும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எந்தப் பாகத்தில் ஆட்டம் இருக்கிறது, அது விட்டுப்போனால் என்ன ஆகும், இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதிகம் சத்தம் போடுவது பெரும்பாலும் ஆபத்து குறைந்த பாகம். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராட் தேய்ந்தால் மெதுவாகப் போகும்போது சின்ன மேடுபள்ளத்திலும் 'டக் டக்' என்று அடிக்கும். இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சத்தம் நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம். இது சில வாரம் பொறுக்கும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடு சக்கரப் பக்கம் இணையும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் அப்படியல்ல. பல நேரம் சத்தமே இல்லாமல் தேய்ந்து, ஒருநாள் கூட்டிலிருந்து கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. அதிலோ, ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டிலோ அளவு மீறிய ஆட்டம் தெரிந்தால் வண்டியை வெளியே அனுப்பக் கூடாது.

ஆட்டம் பார்ப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கை) மேல் உட்காரும் அமைப்பில், வண்டியைச் சேஸிஸில் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பால் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். அங்கே ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியில் சேஸிஸில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலே போதும். எதுவானாலும் ஸ்டாண்ட் வைத்த பிறகே கை உள்ளே போகலாம். சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். 3, 9 இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டையும் அதே கம்பியின் உள்முனை மூட்டான ராக் எண்டையும் பாருங்கள். சில பால் ஜாயிண்டுகளுக்குச் சிறிதளவு ஆட்டம் அனுமதி உண்டு, அந்த அளவு வண்டியின் மேனுவலில் இருக்கும். ஆட்டம் வராமல் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் மட்டும் கிழிந்திருந்தாலும் பாகத்தை ஆர்டர் செய்துவிடலாம். உள்ளே மண்ணும் தண்ணீரும் போய்விட்டால் அது நீடிக்காது.

ஆர்ம் சேஸிஸோடு இணையும் இடத்திலுள்ள ரப்பர் உறையான புஷ்ஷின் மேல்பரப்பில் மெல்லிய வெடிப்பைக் காட்டியே மாற்றச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. லீவர் கொடுத்து நெம்பும்போது ரப்பர் ஆழமாகக் கிழிந்து விரிகிறதா, உள் இரும்புக் குழாயை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால் நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரில் லேசான எண்ணெய்ப் பூச்சு தெரிந்தாலே பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து உடம்பெல்லாம் நனைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பானட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அதைவிட டயர் நன்றாகப் பேசும். உள்ளங்கையால் டயரைச் சுற்றித் தடவும்போது மேடும் பள்ளமுமாக மாறி மாறித் தட்டினால் ரப்பர் சாலையில் பதியாமல் குதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிரேக் பிடிக்கும் தூரமும் கூடியிருக்கும். மாற்றும்போது ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டியின் குதிப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது.

ஸ்ட்ரட்டை இறக்கிய பிறகு மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (அடியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), பூட் (ராடை மூடும் உறை) நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பாகத்தின் விலை சிறிது, மறுபடி இறக்கும் கூலிதான் பெரிது. ஸ்பிரிங்கை அதற்கான கம்ப்ரஸர் கருவியில் அமுக்காமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடவே கூடாது, உயிர் போகும். ஷாக்கின் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் ராடைப் பிளையரால் பிடித்தால் கீறல் விழும், அது சீலைக் கிழித்துப் புது ஷாக்கும் ஒழுகும்.

புது புஷ் சீக்கிரம் கிழிவதற்குப் பாகத்தைக் குறை சொல்வார்கள். பல நேரம் காரணம், சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முறுக்கியதுதான். ரப்பர் அந்த நிலையில் பூட்டிக்கொள்கிறது. வண்டி தரையில் இறங்கியதும் எந்நேரமும் முறுக்கிய படியே கிடக்கிறது. போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு குறித்த இறுக்கத்துக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு, அதன் பிறகே வீல் அலைன்மென்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.