மூக்கனின் காது

மார்ச் 3
நாங்கள் கேட்கும் திறனை அளக்கும் குரங்கு மூக்கன் ஒருவழியாகப் பிடியை விடாமல் காத்திருக்கப் பழகிவிட்டது. ஒலி கேட்டதும் கையை எடுக்க வேண்டும். எடுத்தால் குழாயில் இரண்டு சொட்டுப் பழச்சாறு. மனிதரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கிற வேலைக்கு எங்களுக்கு ஏழு வாரம்.

மார்ச் 9
ஒலியே வராத சுற்றுகளையும் இடையிடையே சேர்த்தோம். அதில் கையை எடுத்தால் சாறு கிடையாது, விளக்கும் அணையும். இன்று பத்தில் நான்கு முறை சும்மாவே எடுத்தது. சாற்று ஆசை! இப்படி ஊகிக்கும் நாளில் வரும் எண்ணைக் கேட்கும் எல்லை, அதாவது காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியின் அளவு, என்று எப்படி எழுதுவது? முழு நாளின் கணக்கையும் தள்ளிவிட்டேன்.

மயக்கம் கொடுத்து மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிந்தால் சீக்கிரம் முடியுமே என்றார் நண்பர். முடியும். ஆனால் அதில் கேட்கும் எல்லை பெரும்பாலும் உயர்ந்தே வரும். குரங்கே சொல்வதைத்தான் நம்புவேன்.

மார்ச் 14
4 கிலோஹெர்ட்ஸ் சுருதியில் திடீரெனக் காது மந்தம். ஜப்பானியக் குரங்குகளை 1999-இல் அளந்தபோது மிக நுட்பமாகக் கேட்டது அங்கேதான், 1 டெசிபல் அளவு மெல்லிய ஒலி வரை. மூக்கனுக்கு மட்டும் என்ன வந்தது?

மார்ச் 15
மூக்கனுக்கு ஒன்றுமில்லை. அதன் தலை இருக்கும் இடத்தில் மைக்ரோஃபோனை வைத்து மெல்ல நகர்த்தினேன். இரண்டு சென்டிமீட்டருக்கே அளவு ஏறி இறங்கியது. 4 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே சுமார் 8.5 சென்டிமீட்டர்தான். இருக்கையின் இரும்புக் கம்பியில் பட்டுத் திரும்பிய ஒலி, நேராக வந்த ஒலியை அதன் காதருகே தின்றுவிட்டிருக்கிறது. கம்பியைச் சுற்றி நுரைப்பஞ்சு கட்டியாயிற்று. ஒரு வாரத்து அளவுகள் குப்பைக்கு.

மார்ச் 22
மந்தம் போய்விட்டது. சரி, அடுத்து மேல் எல்லை: எவ்வளவு உயர்ந்த சுருதி வரை கேட்கும் என்பது.

மார்ச் 29
32 கிலோஹெர்ட்ஸ். 60 டெசிபலில் மனிதக் காது 17.6 கிலோஹெர்ட்ஸுடன் நின்றுவிடும், அந்த ஜப்பானியக் குரங்குகளுக்கு 37 வரை கேட்டது. ஒலிபெருக்கி தொடங்கும்போது 'டிக்' என்று ஏதாவது கேட்டு ஏமாறுகிறதோ என்ற பயத்தில் ஒலியை மெதுவாக ஏற்றி இறக்கினேன். எனக்கு அறை நிசப்தம். திரையில் பச்சைப் புள்ளி வந்தால்தான் ஒலி போகிறது என்றே தெரியும். புள்ளி வந்தது. மூக்கனின் காது மடல் லேசாக அசைந்தது, அப்புறம் கை விலகியது. நான் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது குழாயில் வாயை வைத்துவிட்டது.